சிந்து பைரவி: பாட்டு வரும்போது கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள்

'சிந்து பைரவி'யை முதல் தடவை பார்க்கிறவர்களும் சரி, பாட்டு வரிசையே மனப்பாடமாக இருக்கிறவர்களும் சரி, ஒன்று செய்து பார்க்கலாம். பாட்டு தொடங்கியதும் பாடுகிறவரை விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டை யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 1985இல் கே. பாலசந்தர் எடுத்த இந்தப் படத்தின் கதை அந்த முகங்களில்தான் நடக்கிறது.

பாடகரைப் பற்றிய படம் என்றால் நமக்குப் பழகிய வழி ஒன்று இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்புவார், வாய்ப்புத் தேடி அலைவார், கடைசியில் கைதட்டல் வாங்குவார். இந்தப் படத்தின் நாயகன், கர்நாடக இசைப் பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்), அந்தக் கைதட்டலோடுதான் அறிமுகமாகிறார். சபா நிரம்புகிறது, மாலை விழுகிறது, பேர் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: அவர் பாட்டில் எது நன்றாக இருந்தது, எது தப்பு என்று நேருக்கு நேர் சொல்லக்கூடிய ஓர் ஆள். மனைவி பைரவிக்கு (சுலக்‌ஷணா) அன்பு நிறைய உண்டு, சங்கீதம் ஏறவில்லை. மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியும் (டெல்லி கணேஷ்) தம்புரா போடும் கஜபதியும் (ஜனகராஜ்) அவரை அண்டிப் பிழைக்கிறவர்கள். அவர்கள் எப்படித் தப்புச் சொல்வார்கள்? அந்த இடத்துக்குத்தான் சிந்து (சுகாசினி) வந்து சேர்கிறாள். புகழைத் துரத்துகிறவனின் கதையாக இல்லாமல், புகழ் வந்த பிறகும் பசியோடு இருப்பவனின் கதையாக இருப்பதுதான் இந்தப் படத்தை இன்னும் பார்க்க வைக்கிறது.

சிவகுமாரைப் பற்றி நம் கொங்குப் பக்கத்து ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சூலூர் பக்கம் காசிக்கவுண்டன்புதூரில் பிறந்தவர், சென்னையில் ஓவியம் படித்தவர், 1976இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி'க்கும் அவர்தான் நாயகன். பாடகர் அல்ல. ஜே.கே.பி.யின் பாட்டெல்லாம் கே.ஜே. யேசுதாஸ் குரல். சினிமாப் பாட்டுக்கு வாயசைப்பது வேறு, கர்நாடகக் கச்சேரிக்கு வாயசைப்பது வேறு. சினிமாப் பாட்டில் வார்த்தைக்கு உதடு சேர்ந்தால் போதும். கச்சேரியில் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு கார்வை (நீட்டி நிறுத்துவது) நீளும், பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்) உருளும், நடுவில் ஸ்வரம் பாய்ந்து வரும். அப்போது உதட்டைவிட மூச்சும் கையும் முக்கியம்.

நடிகர்கள் வழுக்குகிற இடங்கள் இரண்டு. முதலாவது மூச்சு. நீளமான சங்கதிக்கு (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது) முன்னால் தோள் லேசாக ஏறி, வயிறு நிரம்ப வேண்டும். அது இல்லாமல் வாய் மட்டும் திறந்தால் குரல் எங்கிருந்தோ வருகிற மாதிரி இருக்கும். இரண்டாவது தாளம். ஆதி தாளம் எட்டு அட்சரம் (எண்ணிக்கை): ஒரு தட்டு, சுண்டு விரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கை சும்மா தொடையில் தட்டிக்கொண்டே போனால், சமம் (தாளச் சுற்று தொடங்கும் தட்டு) வந்து விழும்போது விரல் வேறெங்கோ நிற்கும். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கூடவே எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். சிவகுமார் உட்காரும் தோரணை, நிமிர்ந்த முதுகு, பக்கவாத்தியக்காரர் பக்கம் திரும்பி 'பேஷ்' சொல்வது போன்ற தலையசைப்பு எல்லாமே வித்வான்களை உட்கார்ந்து பார்த்து எடுத்தவை என்று தெரிகிறது. வரைகிறவருக்கு உரிய கண் அது. உணர்ச்சி கொந்தளிக்கும் சில நெருங்கிய காட்சிகளில் கழுத்து நரம்பைக் கொஞ்சம் அதிகமாகவே புடைக்க விடுகிறார். யேசுதாஸின் குரல் அவ்வளவு சிரமப்படாத குரல் என்பதால் அங்கே மட்டும் முகமும் குரலும் விலகி நிற்கின்றன.

படத்தின் மையம் 'பாடறியேன் படிப்பறியேன்'. பல தடவை பேசப்பட்ட காட்சிதான், ஆனாலும் அதன் கட்டுமானத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் இளையராஜா என்ன செய்திருக்கிறார் என்று புரியும். கூட்டத்துக்குப் புரியாத தெலுங்கிலேயே பாடிக்கொண்டிருக்கிறீர்களே என்று சிந்து கேட்கிறாள். நீ பாடிக் காட்டு என்ற சவால் வருகிறது. நாட்டுப்புற மெட்டில் தொடங்குகிறாள். வைரமுத்துவின் வரிகள், சித்ராவின் குரல். பாட்டு மெல்ல மெல்ல ஏறி, ஸ்வரமாகப் பிரிந்து, கடைசியில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேர்கிறது. வழக்கமாக அந்தக் கீர்த்தனை காம்போதி ராகத்தில் பாடப்படும். இங்கே அதை சாரமதி ராகத்தில் வைத்திருக்கிறார்.

ஏன் சாரமதி? 20ஆவது மேளமான (தாய் ராகமான) நடபைரவியில் பிறந்த ராகம் அது. ஏறும்போது ஏழு ஸ்வரமும் வரும்: ஸ ரி க ம ப த நி. இறங்கும்போது பஞ்சமமும் (ப) ரிஷபமும் (ரி) விலகிக்கொள்ளும்: ஸ நி த ம க ஸ. அந்த இறக்கம் அப்படியே இந்தோளம் என்ற ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள். ஐந்து ஸ்வரத்துக்குள் நிற்கிற மெட்டு எந்த ஊர் நாட்டுப்பாட்டுக்கும் தோதானது. தாலாட்டு, கும்மி, ஏற்றப்பாட்டு எதுவானாலும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வசதியாகச் சுற்றிவரும். ஆக, இறங்கும் பக்கத்தில் கிராமத்துப் பாட்டும் ஏறும் பக்கத்தில் கீர்த்தனையும் ஒரே ராகத்துக்குள் அடங்குகின்றன. காம்போதியை வைத்திருந்தால் இந்த வாசல் திறந்திருக்காது. அதன் பிடிகள் கேட்ட மாத்திரத்தில் 'இது காம்போதி' என்று காட்டிக்கொடுத்துவிடும், முடிவில் வர வேண்டிய திகைப்பு முதல் வரியிலேயே கரைந்துபோயிருக்கும்.

இப்போது கேட்கிறவர் முகங்களுக்கு வருவோம். தொடக்கத்தில் சபையில் இருப்பது இளக்காரம். அப்புறம் கவனம். அதற்கடுத்து ஜே.கே.பி.யின் முகம்: படத்தில் முதல் தடவையாக அவர் கேட்கிறவராக மாறுகிறார். அந்த மாற்றத்துக்கு வசனமே கிடையாது. காதல் எப்போது தொடங்கியது என்று கேட்டால், பூங்காவையும் கடற்கரையையும் தேட வேண்டாம், இந்த இடம்தான்.

வித்வான்கள் மட்டும் கவனிக்கக்கூடிய ஒரு சங்கடம் இந்தக் காட்சியில் உண்டு. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார்கள், பெண்கள் 5 கட்டைப் பக்கம். தம்புராவின் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற நான்கு தந்திகளையும் மாற்றிக் கூட்ட வேண்டும்; மிருதங்கமோ அளவிலேயே வேறு, ஆண் குரலுக்குத் தக்குச் (தாழ்ந்த) சுருதி, பெண் குரலுக்கு ஹெச்சுச் (உயர்ந்த) சுருதி. எழுந்து நின்றவுடன் இன்னொருவர் மேடையில் அப்படிப் பாடிவிட முடியாது. படம் அதைக் கண்டுகொள்ளாமல் போகிறது. போகட்டும். அந்த நேரத்தில் சுருதிப் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தால் காட்சியே போயிருக்கும்.

'புரிகிற மொழியில் பாடுங்கள்' என்ற சிந்துவின் கேள்வி கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரன், படம் வருவதற்குப் பல வருசம் முன்பே அதற்குப் பாட்டாலேயே பதில் சொல்லியிருந்தார். சாவேரியில் 'முருகா முருகா', மாண்டில் 'முரளீதரா கோபாலா' என்று அவர் எழுதிய தமிழ்க் கீர்த்தனைகள் துக்கடாவோடு (கச்சேரிக் கடைசியில் பாடும் சின்ன உருப்படிகளோடு) நிற்காமல் கச்சேரிக்குள்ளேயே இடம் பிடித்தவை. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியராக இருந்த அதே மனிதர் நாட்டுப்புறப் பாட்டுகளையும் தேடித் தொகுத்தார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளோ நாடக மேடையில் தமிழ்ப் பாட்டாலேயே ஊர் ஊராகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். இவர்களைத் தெரிந்த ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால், சிந்து கேட்பது புரட்சியாகத் தெரியாது, நியாயமாகத் தெரியும். அவள் தெலுங்கை வெறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தன் பாட்டை முடிப்பதே தியாகராஜரில்தான்.

ஆனால் இந்த இடத்தில்தான் படத்தோடு ஒரு சண்டையும் இருக்கிறது. நாட்டுப்பாட்டுக்கு மரியாதை எப்படிக் கிடைக்கிறது? அதுவும் சாரமதிதான் என்று நிரூபித்த பிறகு கிடைக்கிறது. சாஸ்திரத்துக்குள் இடம் காட்டினால்தான் அது சங்கீதமா? நம் ஊரில் உடுக்கையடித்து விடிய விடிய அண்ணன்மார் கதை பாடுகிறவருக்கு ராகப் பெயர் தேவைப்பட்டதில்லை. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழும் கட்டத்தில் அவர் குரல் உடைகிற உடைவுக்கு மேளகர்த்தாவில் எண் தேட முடியாது. அழும் கூட்டம்தான் அதற்கு அத்தாட்சி. படம் நாட்டுப்பாட்டுக்குக் கதவைத் திறந்தது உண்மை. திண்ணையோடு நிறுத்தாமல் நடு வீட்டுக்கே கூட்டிப் போயிருக்கலாம்.

'நானொரு சிந்து' பாட்டில் அந்தக் குறை பாதி தீர்கிறது. பிறப்பு பற்றிய தன் வலியை சிந்து காவடிச்சிந்தின் சாயலில் பாடுகிறாள், ராகம் சிந்துபைரவி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தம் கால் பழக்கத்திலேயே இருக்கும். கச்சேரியில் சிந்துபைரவிக்கு உரிய இடம் கடைசி, பிரதான உருப்படியெல்லாம் முடிந்து துக்கடா வரும்போது. பைரவி ராகமோ விரிவான ஆலாபனைக்கு, பெரிய கீர்த்தனைக்கு உரிய ராகம். வீட்டில் பெரிய இடம் மனைவிக்கு, சபை கலையும் நேரத்து இடம் இவளுக்கு. கச்சேரி முறை தெரிந்தவருக்கு அந்தப் பெண்ணின் நிலை ராகத்திலேயே கேட்கும்.

குடியில் விழும் பகுதிக்கு வருவோம். குடித்துவிட்டு வந்தார் என்று மிருதங்கக்காரரை மேடையேற விடாத அதே ஜே.கே.பி., சிந்துவைப் பிரிந்த பிறகு தானே பாட்டிலைத் தேடிப் போகிறார். 'பூமாலை வாங்கி வந்தான்' கானடா. அசைந்து அசைந்து நிற்கிற அந்த ராகத்தின் காந்தாரம் (க ஸ்வரம்), நிற்க முடியாத ஆளின் தள்ளாட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. யேசுதாஸ் குரலைக் குழறவிடாமல் சுருதி சுத்தமாகவே பாடுகிறார், அதுதான் சரி. ஆள் விழுந்துவிட்டார், சங்கீதம் விழவில்லை. இந்தப் பாட்டைக் கேட்க யாருமில்லை என்பதையும் பாருங்கள்.

அதைவிடக் கொடுமையானது 'தண்ணித்தொட்டி தேடி வந்த கன்னுக்குட்டி'. துள்ளலான பாட்டு, நோம்பி (ஊர்த் திருவிழா) மேடைகளில் இன்றைக்கும் விசிலோடு பாடுகிறார்கள். படத்தில் அது சிரிப்புப் பாட்டு அல்ல. ஒரு வாய் சாராயத்துக்காக ஒரு பெரிய வித்வான் ஆடிப்பாடும் இடம். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பையும் 'பாடறியேன்' காட்சியின் முதல் இளக்காரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சிந்து இளக்காரத்திலிருந்து மரியாதைக்கு ஏறினாள், இவர் மரியாதையிலிருந்து இளக்காரத்துக்கு இறங்குகிறார். பாட்டை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகியவர்கள் அவசியம் படத்தோடு சேர்த்து ஒரு முறை பார்க்க வேண்டும்.

'கலைவாணியே' தனியாகப் பேச வேண்டிய உருப்படி. 65ஆவது மேளமான மேசகல்யாணி. முழுப் பாட்டும் ஆரோகணத்திலேயே (ஏறுவரிசையிலேயே) நடக்கிறது, அவரோகணமே (இறங்குவரிசையே) கிடையாது. கேட்டால் நம்ப முடியாது, ஏனென்றால் மெட்டு மேலும் கீழும் போவதாகத்தான் காதுக்குத் தோன்றும். கீழே போக வேண்டிய இடத்தில் மெட்டு படியிறங்குவதில்லை. ஒரு தாவலில் கீழ் ஸ்வரத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஆர்மோனியத்தில் ஸ ரி க ம ப த நி வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தால் விரலே சொல்லிவிடும். வித்தைக்காகச் செய்த வேலை இல்லை இது. எதிரில் இல்லாத ஒருத்தியைக் கூப்பிடும் பாட்டு, கூப்பிடுகிற குரல் உயர்ந்துகொண்டேதானே போகும்.

அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சுகாசினிக்குச் சிறந்த நடிகை, இளையராஜாவுக்கு இசையமைப்பு, சித்ராவுக்குப் பின்னணிப் பாடகி. மூன்றும் தகும். சுகாசினி பேசும் வேகமும், கேள்வி கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருப்பதும் இன்றைக்கும் புதிதாகவே இருக்கின்றன. சுலக்‌ஷணாவுக்கும் ஒரு விருது கொடுத்திருக்கலாம் என்று பார்க்கிற ஒவ்வொரு முறையும் தோன்றும். தனக்குப் புரியாத ஒன்றால்தான் தன் வீடு உடைகிறது என்று தெரிந்த பெண்ணை நடிப்பது லேசான வேலை இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் பாதி நீளம். குடியில் விழுவதும் எழுவதும் கதைக்கு வேண்டிய வேகத்தில் நடக்கின்றன. குடியை விட்ட எவருக்கும் அவ்வளவு சுலபமாக விட்டதில்லை. கஜபதியின் பொய்யும், வாய்க்குள் நிற்காத ரகசியமும் முதலில் ரசிக்க வைக்கின்றன, பிறகு இழுவையாகின்றன. பெரிய குறை முடிவுதான். குழந்தையைப் பெற்று பைரவி கையில் கொடுத்துவிட்டு சிந்து போய்விடுகிறாள். தவறியது பாடகர், கணக்கைத் தீர்ப்பது இரண்டு பெண்கள். இவ்வளவு துணிச்சலாகக் கேள்வி கேட்ட பெண்ணைத் தியாகியாக்கி அனுப்புவதை 1985இல் எப்படிப் பார்த்தார்களோ, இன்று மனசு ஒப்பவில்லை. அவள் தொடர்ந்து பாடினாளா, அவளுக்கென்று மேடை கிடைத்ததா என்று படம் கேட்கவே இல்லை. மேடைக்குத் தகுதியானவள் அவள்தானே!

பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில நடைமுறை விசயங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் பார்க்காதீர்கள். அடித்தளத்து ஒலிகள் அதில் வராது. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) காணாமல் போய் வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் 'டிக் டிக்' என்று கேட்கும், தம்புராவின் மந்தரம் இருந்த இடமே தெரியாது. சாதாரண ஹெட்போன் போதும். ஒரே மூச்சில் பார்க்க முடியாதவர்கள் 'பாடறியேன்' முடிந்ததும் நிறுத்தி, காம்போதியில் பாடிய 'மரி மரி நின்னே' ஒன்றைத் தேடிக் கேட்டுவிட்டு வரலாம். ராகம் மாறியதால் என்ன ஆயிற்று என்று காதே ஒப்பிட்டுக்கொள்ளும். பாட்டுக் கற்கும் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் குடிக் காட்சிகளும் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவும் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோடு பாருங்கள்.

நோம்பி மேடையில் இந்தப் பாட்டுகளைப் பாட நினைக்கும் இசைக்குழுக்களுக்கு ஒரு வார்த்தை. 'பாடறியேன்' கெட்டுப்போவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். நாட்டுப்பாட்டு என்று நினைத்து வேகமாக எடுத்துவிடுகிறார்கள், கடைசியில் ஸ்வரம் வரும்போது வாய் ஓடாது, எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். ஸ்வரப் பகுதியை எந்தக் காலத்தில் (வேகத்தில்) தெளிவாகப் பாட முடியுமோ அதை முதலில் ஒத்திகையில் முடிவு செய்துகொண்டு, அந்தக் காலத்திலேயே முதல் வரியைத் தொடங்குங்கள். எலெக்ட்ரானிக் பேடில் மிருதங்கம் வாசிப்பவர் நடுவில் காலத்தைத் தூக்காமல் இருக்க வேண்டும். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும் பெண்கள் அரைக் கட்டை இறக்கி எடுப்பதில் தப்பில்லை, ஆனால் கீபோர்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 'கலைவாணியே' பாடுகிறவர்கள் சொந்தச் சங்கதி எதுவும் சேர்க்க வேண்டாம். பழக்கத்தில் வருகிற ஒரு சின்னப் பிருகா போதும், ஸ நி த ப என்று படியிறங்கிவிடும், அதோடு அந்தப் பாட்டின் கட்டு அவிழ்ந்துவிடும்.